ஜன்னல் ஏசியைக் குளிர்காலத்துக்குக் கழற்றும்போது: எங்கே சிக்கும், ஏன் சிக்கும், என்ன செய்வது

நியூயார்க், நியூஜெர்சி, டொரண்டோ பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளில், கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்களில் உட்காரும் ஏசிக்குத்தான் இந்தக் குறிப்பு. கழற்றும் காலம் செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது. கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு இடுக்கை அடைத்த ஃபோம் விறைத்துப் போகும், விரலும் விறைத்துப் போகும்.

மே மாதத்தில் "நாறுகிறது", "குளிரவே இல்லை", "ஆன் செய்ததும் அணைந்துவிடுகிறது" என்று வரும் கோளாறுகளுக்கு விதை பெரும்பாலும் அக்டோபரில் விழுந்ததுதான். அடித்தட்டில் தங்கிய தண்ணீர், படுக்கவைத்த கம்ப்ரஸர், கழுவாத ஃபில்டர் என்று மூன்றைத் தவிர்த்தாலே கீழே இருப்பதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

எதையும் தொடுவதற்கு முன்: மழையில்லாத நாளாகப் பார்த்து, குளிர்விப்பை அணைத்துவிட்டு, வெறும் ஃபேனை மட்டும் அதிக வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். உள்காயிலில் (அறைப் பக்கம் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில்) இருக்கும் ஈரம் காயும். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். போனில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று மே மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

கண்ணாடிச் சட்டம் மேலே ஏற மறுக்கிறது

முதலில் ஒரு எச்சரிக்கை. ஏசியின் எடையில் பெரும்பகுதி வெளியே இருக்கிறது, ஏனென்றால் கம்ப்ரஸரும் பெரிய காயிலும் பின்பக்கம். அது வெளியே கவிழாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் மேல் இறங்கியிருக்கும் அந்தச் சட்டம்தான். ஆகவே சட்டத்தை ஒரு அங்குலம் உயர்த்தும் முன்பே இன்னொருவர் ஏசியைப் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பதென்றால் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் கிரில்லை அல்ல; அது கிளிப்பில் நிற்பது, கையோடு கழன்று வந்துவிடும். இரும்புப் பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து, முன்பக்கத்தைக் கீழே அழுத்தி, உங்கள் பக்கமாக இழுத்து வைத்திருங்கள்.

இனி சட்டம் ஏன் ஏறவில்லை என்று பார்க்கலாம்.

இரண்டு கண்ணாடிச் சட்டங்களும் சந்திக்கும் இடத்தில் சிறிய எல் வடிவ இரும்புத் துண்டு ஒன்று ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள். சட்டம் ஏறாமல் தடுப்பதே அதன் வேலை. பலர் மறந்துபோவது இதைத்தான். அது இல்லையென்றால், ஏசியின் மேல்பட்டையிலிருந்து சட்டத்துக்குள் போகும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பக்கவாட்டில் விசிறி மடிப்பாக விரியும் பிளாஸ்டிக் திரைகளின் மேல்மூலையிலும் ஆளுக்கொரு ஸ்க்ரூ இருக்கும்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்தும் ஏறவில்லையென்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோம் பட்டை வெயிலில் உருகிப் பிசினாகியிருந்தால், மெல்லிய பட்டிக் கத்தியை இடுக்கில் விட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து வாருங்கள். ஜன்னலுக்கு அடித்த பெயின்ட் சட்டத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தால், பிளேடு கத்தியால் இடுக்கைக் கீறிவிடுங்கள். அலுமினியத் தடமென்றால் துடைத்துவிட்டு சிலிகான் ஸ்ப்ரே. சமையல் எண்ணெய் வேண்டாம், இரண்டே வாரத்தில் தூசியைப் பிடித்துப் பசையாகும்.

சட்டம் ஏறுகிறது, ஆனால் மேலே நிற்காமல் சரிந்து விழுகிறது என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ கயிறோ அறுந்திருக்கிறது. அன்று ஏசியைக் கழற்ற வேண்டாம். சட்டத்தை மறுபடி இறக்கி, ஏசி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பில்டிங் சூப்பரை (கட்டடப் பராமரிப்பாளரை) கூப்பிடுங்கள். ஒருவர் சட்டத்தைப் பிடிக்க, ஒருவர் ஏசியைப் பிடிக்க, மூன்றாவது ஆள் ஸ்க்ரூவைத் தேடும் நிலைமையில்தான் விபத்து நடக்கிறது.

சட்டம் ஏறிவிட்டது, ஏசி நகரவில்லை

ஏசியின் அடியில் ஜன்னல் அடிக்கட்டையோடு பிணைக்கும் இரும்புக் கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ஸ்க்ரூ இருக்கும், தூசியில் மறைந்திருக்கும். அடுத்து, வெளியே தாங்கும் பிராக்கெட்டோடு ஏசியின் அடித்தட்டை போல்ட் போட்டு முடுக்கியிருக்கலாம். உள்ளிருந்தே கை எட்டினால் சரி. இடுப்புக்கு மேல் உடம்பை வெளியே நீட்டித்தான் எட்ட முடியுமென்றால் அது உங்கள் வேலையில்லை.

ஸ்க்ரூவும் இல்லை, போல்ட்டும் இல்லை, ஆனால் அரை அங்குலம் வந்து நிற்கிறது என்றால் ஏசியின் அடிப்பட்டை ஜன்னல் தடத்தின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. இருவரும் இரு பக்கமும் பிடித்து, முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி உள்ளே இழுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் பின்பக்கம் வெளியே சாயும்.

பெரிய ஏசிகளில் பலவும் வேறு மாதிரி. முன்முகத்தைக் கழற்றினால் உள்ளிருக்கும் இயந்திரம் முழுவதும் அலமாரி டிராயர் போல முன்னால் வழுக்கி வரும். வெற்றுப் பெட்டி ஜன்னலிலேயே நிற்கும். இந்த வகையில் பெட்டியோடு சேர்த்து இழுக்க முயல்வது வீண். முன்முகத்துக்குப் பின்னால் இருக்கும் பூட்டு ஸ்க்ரூக்களையும் பெட்டிக்குப் போகும் பச்சை எர்த் ஒயரையும் எடுத்துவிட்டு இயந்திரத்தை முதலில் வெளியே எடுங்கள். பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது அடித்து இருபது நிமிடம் விடுங்கள். தலை தேய்ந்திருந்தால் அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை ஸ்க்ரூ தலைக்கும் டிரைவருக்கும் நடுவில் வைத்து அழுத்தித் திருப்புங்கள். ஜன்னல் பக்கம் இருக்கும் ஸ்க்ரூவை டிரில் போட்டு எடுக்கலாம். ஏசி பெட்டிக்குள் போகும் ஸ்க்ரூவில் டிரில் போடாதீர்கள். தகட்டுக்குப் பின்னால் ஒரு விரல்கடை தூரத்தில், குளிர்விக்கும் கேஸ் ஓடும் செம்புக் குழாய் இருக்கலாம். அதில் ஓட்டை விழுந்தால் ஏசி முடிந்தது.

ஏசியைத் தாங்க, வெளியே அடிக்கட்டையில் செங்கல்லோ மரத்துண்டோ செருகி வைத்திருப்பவர்கள் உண்டு. ஏசி உள்ளே வந்த கணத்தில் அது கீழே விழும். கழற்றும் முன் கையால் தடவிப் பாருங்கள்.

எடை தாங்கவில்லை, ஜன்னல் கட்டை முனகுகிறது

5,000 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி சுமார் 18 முதல் 20 கிலோ. 8,000 என்றால் 25 கிலோ பக்கம். 12,000 தாண்டினால் 35 கிலோ, பழைய மாடலென்றால் இன்னும் அதிகம். இருபது கிலோவை ஒருவர் தூக்கலாம்தான். ஆனால் கையை நீட்டி, பாதி வெளியே தொங்கும் இருபது கிலோவைத் தூக்குவது அரிசி மூட்டை தூக்குவது போல அல்ல. எந்த அளவானாலும் இரண்டு பேர் வேண்டும். முதல் தளத்துக்கு மேலென்றால் மூன்றாவது ஆள் கீழே, ஜன்னலுக்கு நேர் கீழே அல்ல, சற்று ஒதுங்கி நின்று, நடைபாதையில் வருபவர்களை நிறுத்த வேண்டும்.

2019 நவம்பரில் டொரண்டோவின் ஸ்கார்பரோவில், எட்டாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்த ஏசி, கீழே போய்க்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் உயிரைப் பறித்தது. தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. இந்தக் குறிப்பில் வேறெதை மறந்தாலும், சட்டத்தைத் தூக்கும் முன் ஏசியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய எல்லை இது: மர அடிக்கட்டையில் ஸ்க்ரூ டிரைவர் முனை அழுத்தினால் உள்ளே போகிறது; வெளியே பிராக்கெட் இல்லாமல் ஏசி நிற்கிறது; பிராக்கெட் துருவேறிச் செதிலாக உதிர்கிறது; ஏசி 30 கிலோவுக்கு மேல்; ஜன்னலுக்குக் கீழே பள்ளிக்கூட வாசலோ பஸ் நிறுத்தமோ இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் போதும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏசி உள்ளே வந்த பிறகு பிராக்கெட்டையும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கழற்றுங்கள். எடை மேலே இல்லாத பிராக்கெட் குளிர்காலக் காற்றில் தளர்ந்து தானாக விழும்.

தூக்கியதும் தண்ணீர் கொட்டுகிறது

இது கோளாறில்லை. பெரும்பாலான ஜன்னல் ஏசிகளில் அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமென்றே தேங்கவிடப்படுகிறது. பின்பக்க ஃபேனின் விளிம்பு வளையம் அதை அள்ளி சூடான காயில் மேல் தெளிக்கும். கோடையில் ஏசிக்குள் கேட்கும் சலசலப்பு அதுதான். கழற்றும் நாளில் ஒரு லிட்டர் வரைக்கும் அங்கே நிற்கலாம்.

அடியில் ரப்பர் மூடி உள்ள மாடலென்றால் முதல் நாளே அதைத் திறந்து வடித்துவிடுங்கள். மூடியைத் தொலைக்காமல் ஏசியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். மூடி இல்லாவிட்டால், தரையில் பழைய துண்டு விரித்து இரண்டு மரத்துண்டு மேல் ஏசியை இறக்கி, குளியல்தொட்டிக்குத் தூக்கிப் போய், பின்பக்கமாக இலேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி போதும். தண்ணீர் நின்ற பிறகு ஒரு நாள் நிமிர்த்தியே காயவிடுங்கள். முன் தட்டுக்கும் பின் தட்டுக்கும் நடுவிலுள்ள வாய்க்காலில் கறுப்பாகக் கொழகொழவென்று இருக்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் அதை எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு தண்ணீர் வெளியே போகாமல் உங்கள் சுவரில் இறங்கும்.

கொட்டுவது தண்ணீராக இல்லாமல் வழுவழுப்பாக, விரலில் எண்ணெய் போல ஒட்டினால், காயில் மேலும் எண்ணெய்க் கறை தெரிந்தால், கேஸ் கசிகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, மேலே எதுவும் செய்யாமல் "மே மாதம்: ஃபேன் ஓடுகிறது, குளிரவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

எடுத்து வைக்கும் இடத்தில் வரும் கோளாறுகள்

ஏசி ஜன்னலில் நின்ற மாதிரியே நிற்க வேண்டும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. பக்கவாட்டில் படுக்கவைத்தால் அது குழாய்களுக்குள் ஓடிவிடும். காரில் எடுத்துப் போகும்போது படுக்கவைக்க நேர்ந்தால் நிமிர்த்திய பிறகு 24 மணி நேரம் பிளக் போடக் கூடாது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததற்கு 24 மணி நேரம் போதும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடித்தட்டு துருவேறுகிறதென்றால் பேஸ்மெண்ட் சிமெண்ட் தரைமேல் நேராக வைத்திருப்பீர்கள். இரண்டு மரச்சட்டம் போதும். பெட்டி முழுதும் வேர்த்து நனைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். பழைய பெட்ஷீட் போர்த்துங்கள். பருத்தி மூச்சு விடும். கூடோ எலிப் புழுக்கையோ இருந்தால் பின்பக்கத்து இடுக்குகளை மெல்லிய கம்பிவலையால் மூடவில்லை என்று அர்த்தம். எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

உறைபனியால் காய்ந்த ஏசிக்குக் கெடுதல் இல்லை, ஈரத்தோடு வைத்த ஏசிக்கு உண்டு. கராஜில் வைக்கலாம், அடித்தட்டு காய்ந்திருந்தால். ஃபர்னஸ், ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள். புதிய மாடல்களில் உள்ள ஆர்-32 கேஸ் இலேசாகத் தீப்பற்றக் கூடியது; கசிந்தால் அருகில் தீ இருக்கக் கூடாது. மேலே டிரங்குப் பெட்டி அடுக்காதீர்கள். ரிமோட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் ஜிப் பையில் போட்டு ஏசியின் முதுகில் ஒட்டுங்கள், டிராயரில் வேண்டாம்.

கழற்ற முடியவில்லை, ஏசி வழியாகக் குளிர்காற்று வருகிறது

சுவருக்குள் பதித்த பெட்டி, அல்லது சூப்பர் ஜனவரியில்தான் வருவார். அப்படியிருந்தால் முதலில் ஏசியிலுள்ள காற்றுப்போக்கு நெம்புகோல் மூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைத்துணிகளை ஒதுக்கிவிட்டு, ஏசியின் நான்கு விளிம்பிலும் மெதுவாக நகர்த்துங்கள். புகை உங்கள் பக்கம் மடங்கும் இடம்தான் ஓட்டை. பலர் கவனிக்காத ஓட்டை ஏசிக்கு மேலே, உயர்த்திய சட்டத்துக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அங்கே ஃபோம் பட்டை செருகுங்கள். பக்கத்துப் பிளாஸ்டிக் மடிப்புக்கு முன்னால் ஒரு அங்குலத் தடிமன் ஃபோம் பலகையை அளந்து வெட்டி வைத்து விளிம்பில் டேப் போடுங்கள்.

மூடுவதில் ஒரு விதி: உள்பக்கத்தைக் காற்றுப் புகாமல் மூடுங்கள், வெளிப்பக்கத்தை மழை பனி இறங்காத அளவுக்கு மட்டும் மூடுங்கள். சமையலறை ஆவியும் துணி காய்கிற ஈரமும் சேர்ந்த வீட்டுக் காற்று, உள்பக்க இடுக்கு வழியாகப் போய்க் குளிர்ந்த இரும்பில் தண்ணீராகிறது. வெளியே பிளாஸ்டிக்கால் இறுகக் கட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் உறைகிறது. மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடி, அடியைத் திறந்து விடுங்கள். பிளக்கைப் பிடுங்கி வைப்பதும் முக்கியம். வெளியே 16 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சாதாரண ஏசியில் குளிர்விப்பை ஓட்டினால் காயில் உறைந்து கம்ப்ரஸர் அடிவாங்கும்.

மே மாதம்: நாற்றம் அடிக்கிறது

ஃபில்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுக் கழுவி, நிழலில் முழுதும் காயவையுங்கள். போகவில்லையென்றால் கடையில் கிடைக்கும் காயில் கிளீனர் நுரையை முன்காயிலில் அடித்து, டப்பாவில் எழுதிய நேரம் விடுங்கள். பிளீச் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். துடைக்கும்போது மேலிருந்து கீழாக மட்டும். அந்த அலுமினியத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை, விரல் நகம் பட்டாலே மடியும். மடிந்த இடத்தில் காற்று போகாது. மடிந்துவிட்டால் ஃபின் சீப்பு என்று ஒன்று விற்கிறது, அதால் நிமிர்த்தலாம். அதற்கும் அடங்காத நாற்றம் உள்ளே ஃபேன் உருளையில் படிந்த பூஞ்சை. பெட்டியைப் பிரிக்கும் வேலை என்பதால் சுத்தம் செய்யும் ஆளிடம் விடுங்கள்.

மே மாதம்: பிளக் போட்டதும் உயிரே இல்லை

அமெரிக்காவில் 2004க்குப் பிறகு வந்த ஜன்னல் ஏசிகளின் பிளக் தலை தடிமனாக, டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தானோடு இருக்கும். ரீசெட்டை அழுத்துங்கள். பொத்தான் உள்ளேயே நின்றால் சரி. உடனே தட்டிக்கொண்டால் கேபிள் உள்ளே சேதமாகியிருக்கிறது. மடக்கிச் சுருட்டி வைத்ததாலோ எலியாலோ இருக்கலாம். அந்தப் பிளக்கை வெட்டிவிட்டுச் சாதா பிளக் போடும் ஆள் கிடைப்பார், ஆனால் விடாதீர்கள். தீப்பிடிப்பதைத் தடுக்கவே அது இருக்கிறது. முழுக் கேபிளையும் அதே வகைக்கு மாற்ற வேண்டும்.

பிளக் சூடாகிறதா, எக்ஸ்டென்ஷன் கார்டில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நேராகச் சுவர்ப் பிளக்கில் போட்டும் சூடானால் எலக்ட்ரீஷியன்.

மே மாதம்: ஃபேன் ஓடுகிறது, குளிரவில்லை

கம்ப்ரஸர் கிளம்ப மூன்று நிமிடம் எடுக்கும் மாடல்கள் உண்டு. பத்து நிமிடம் பொறுத்து, சமையலறை தெர்மாமீட்டரை முன்னால் காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் வையுங்கள். 8 முதல் 11 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி சரியாக இருக்கிறது, அறைதான் அதற்குப் பெரிது.

வித்தியாசம் இல்லை, "ம்ம்ம்" என்று பத்து விநாடி முனகிவிட்டு "டக்" என்று அடங்குகிறது என்றால் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது. அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி அதே என்றால் நிறுத்துங்கள், திரும்பத் திரும்பப் போட்டால் எரிந்துவிடும். பெரும்பாலும் கெபாசிட்டர், மலிவான பாகம்தான். ஆனால் பிளக் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கி எறியும். டெக்னீஷியன் மாற்றட்டும்.

முனகலும் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடுகிறது, காயிலின் ஒரு பகுதியில் மட்டும் வெண்பனி படிகிறது என்றால் முதலில் ஃபில்டரைக் கழுவி, பின்காயிலில் உள்ள பஞ்சை பிரஷ்ஷால் எடுத்து, வெயில் நாளில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. ஜன்னல் ஏசியின் குழாய் முழுதும் பற்றவைத்து மூடியது, கேஸ் அடைக்க வாய் கிடையாது. ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைத்து, கேஸ் நிரப்ப உரிமம் உள்ள ஆள் வேண்டும். 5,000, 6,000 பி.டி.யு. ஏசிக்கு அந்தக் கூலியில் புதிதே வாங்கிவிடலாம். பெரியதற்கு, நான்கைந்து வருடத்துக்குள் வாங்கியதென்றால், வாரண்டி அட்டையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செத்த ஏசியைக் குப்பையோடு தெருவில் வைக்காதீர்கள். உள்ளே மீதி கேஸ் இருக்கும், அதைத் திறந்துவிடுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டப்படி குற்றம். நியூயார்க் நகரத்தில் துப்புரவுத் துறையிடம் முன்பதிவு செய்தால் கேஸை எடுத்துவிட்டு ஏசியை அப்புறப்படுத்துவார்கள். டொரண்டோவில் நகராட்சி உதவி எண் 311ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள்.